வரைபடத்தில் அரை மீட்டர் தப்பினால், தெருவில் என்ன ஆகும்?

"அண்ணா, லொகேஷனுக்கு வந்துட்டேன். ஆனா இங்க ஒரு காலி மனைதான் இருக்கு. நீங்க எங்க இருக்கீங்க?"

பார்சல் கொண்டுவரும் தம்பியிடமிருந்து இப்படி ஒரு போன் உங்களுக்கும் வந்திருக்கும். நாமும் வாசலுக்கு வந்து, "அப்படியே திரும்பி வாங்க தம்பி, பிள்ளையார் கோயில் தாண்டி பச்சை கேட்டு" என்று கை காட்டுவோம். இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். மேப்பில் இருந்த பிழையை நம் வாய் சரிசெய்துவிட்டது, அவ்வளவுதான்.

இதே பிழை, உங்கள் தெருவுக்கு மழைநீர் வடிகால் திட்டமிடும் அலுவலகத்தின் கணினியில் இருந்தால்? யாரும் போன் செய்து "எங்க இருக்கீங்க?" என்று கேட்கப் போவதில்லை. எந்தெந்தத் தெருக்கள் திட்டத்தில் சேரும், எவ்வளவு நீளம், எவ்வளவு நிதி என்பதெல்லாம் முதலில் வரைபடத்தை வைத்துத்தான் முடிவாகும். களத்துக்கு வந்து அளப்பார்கள், உண்மைதான். ஆனால் வரைபடத்தில் இல்லாத தெருவை அளக்க யாரும் வருவதில்லையே!

ஒரு சாலை, ஒரு குடிநீர்க் குழாய், ஒரு பள்ளிக்கூடம் நமக்கு வந்து சேருவதில் இந்த வரைபடத் தரவுக்கு என்ன பங்கு, அது சரியாக இருக்க நாம் என்ன செய்ய முடியும் என்பதை இந்தக் கட்டுரையில் பார்க்கலாம்.

புவிசார் தரவு என்றால் என்ன?

பெரிய விஷயமாகத் தெரிந்தாலும் இது எளிமையானதுதான். பூமியில் ஓர் இடத்தோடு சேர்த்துச் சொல்லக்கூடிய எந்தத் தகவலும் புவிசார் தரவு. உங்கள் வீட்டுப் பட்டாவில் உள்ள சர்வே எண், தெருமுனை மின்கம்பம், ஊர் ஏரியின் எல்லை, உங்கள் வார்டில் எத்தனை பேர் வசிக்கிறார்கள் என்ற கணக்கு எல்லாமே இதில் அடங்கும்.

கண்ணாடித் தாள்களை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்குவதுபோல இவற்றைக் கணினியில் அடுக்குவார்கள். ஒரு தாளில் சாலைகள், அடுத்த தாளில் நீர்நிலைகள், அதற்கு மேல் சர்வே எண்கள், அதற்கும் மேல் மக்கள்தொகை. எல்லாத் தாளும் சரியாகப் பொருந்தினால்தான், "இந்தச் சாலையை அகலப்படுத்தினால் யார் நிலம் போகும், எந்த வாய்க்கால் அடைபடும்?" என்ற கேள்விக்குச் சரியான விடை வரும். ஒரு தாள் நகர்ந்திருந்தாலும் விடை தப்பாகிவிடும்.

தரவு நல்லதா இல்லையா என்று பார்க்க ஐந்து கேள்விகள் கேட்டால் போதும். இடம் சரியா? உயரம் சரியா? வகை சரியா? எப்போது எடுத்தது? எதுவும் விடுபட்டிருக்கிறதா? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இடம்: இரண்டு மீட்டர் என்பது அரை ஏக்கர்

உங்கள் ஸ்மார்ட்போனில் உள்ள ஜிபிஎஸ், திறந்த வெளியில் நின்றால் ஏறக்குறைய 5 மீட்டர் சுற்றளவுக்குள் உங்களைக் காட்டும். உயரமான கட்டடங்களுக்கு நடுவிலோ மரத்தடியிலோ நின்றால் பிழை இன்னும் கூடும். ஆட்டோ பிடிக்க, ஹோட்டல் தேட இது தாராளமாகப் போதும்.

சாலை போட இது போதாது. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்க. 1 கிலோமீட்டர் நீளச் சாலையின் ஓரக்கோடு வரைபடத்தில் 2 மீட்டர் நகர்ந்து விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 1,000 மீட்டர் பெருக்கல் 2 மீட்டர், ஆக 2,000 சதுர மீட்டர். நம்ம ஊர்க் கணக்கில் 49 சென்ட், கிட்டத்தட்ட அரை ஏக்கர். அந்த அரை ஏக்கர் அரசு நிலமா, தனியார் பட்டாவா என்பதே மாறிப்போகும். கிராமத்தில் அது நாலு தென்னை மரம். நகரத்தில் அது ஒருவரின் சமையலறை.

பழைய வரைபடங்களைப் புதியவற்றோடு சேர்க்கும்போது வேறொரு சிக்கல் வரும். பூமி சரியான உருண்டை அல்ல என்பதால், அளப்பதற்கு ஒரு கணித வடிவத்தை அடிப்படையாக வைத்துக்கொள்வார்கள். இந்தியாவின் பழைய வரைபடங்கள் எவரெஸ்ட் நீள்கோளம் என்ற வடிவத்தை வைத்து வரையப்பட்டவை. இன்றைய ஜிபிஎஸ் பயன்படுத்துவது டபிள்யூஜிஎஸ்-84 என்ற வேறு வடிவம். இந்த வித்தியாசத்தைச் சரிசெய்யாமல் ஒன்றன் மேல் ஒன்றை வைத்தால், நம் பகுதியில் ஒரே இடம் நூறு மீட்டருக்கும் மேல் தள்ளி விழும். தெருவுக்குப் போட்ட குழாய் குளத்துக்குள் ஓடுவதுபோலத் திரையில் தெரியும்!

இதற்குத் தீர்வாக வந்திருப்பதுதான் கோர்ஸ் நிலையங்கள். ஒரே இடத்தில் நிலையாக நின்று, செயற்கைக்கோள் சமிக்ஞையை இடைவிடாமல் பெற்று, பிழை எவ்வளவு என்று கணக்கிட்டுச் சொல்லும் நிலையங்கள் இவை. இந்திய நில அளவைத் துறை நாடு முழுவதும் இவற்றை அமைத்துள்ளது. இவற்றின் உதவியுடன் அதற்குரிய கருவியால் அளந்தால் 3 சென்டிமீட்டர் வரை துல்லியம் கிடைக்கும்.

உயரம்: தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும்?

சென்னை போன்ற கடலோர ஊர்களில் வசிப்பவர்களுக்கு இந்தப் பகுதி முக்கியம். சென்னை கடல் மட்டத்திலிருந்து சராசரியாக 7 மீட்டருக்கும் குறைவான உயரத்தில், ஏறக்குறையத் தட்டையாக இருக்கும் நகரம். தட்டையான ஊரில் தண்ணீரை நகர்த்துவது சுலபமில்லை.

ஒரு வடிகாலை ஆயிரத்துக்கு ஒன்று என்ற சரிவில் கட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதாவது 1,000 மீட்டர் போனால் 1 மீட்டர் இறங்கும். 500 மீட்டர் நீளமுள்ள தெருவில் மொத்த இறக்கமே 50 சென்டிமீட்டர்தான். நம் முழங்கால் உயரம்.

தெருவின் ஆரம்பத்தில் தரைமட்டம் 6.5 மீட்டர், முடிவில் 6.0 மீட்டர் என்று தரவு சொல்கிறது. சரியாக அரை மீட்டர் இறக்கம், பிரச்சினை இல்லை. ஆனால் முடிவில் உள்ள உண்மையான உயரம் 6.6 மீட்டராக இருந்தால்? அங்கே தரை இறங்கவில்லை, 10 சென்டிமீட்டர் ஏறுகிறது. வேலை ஆரம்பித்த பிறகு இதைக் கண்டுபிடித்தால், இன்னும் ஆழமாகத் தோண்ட வேண்டும், செலவு கூடும். கண்டுபிடிக்காமலே கட்டிவிட்டால், முதல் மழைக்கே வடிகாலில் தண்ணீர் தேங்கி நிற்கும். "புதுசா கட்டின வடிகால்தான், ஆனா தண்ணி போகமாட்டேங்குது" என்று தெருவாசிகள் சொல்வதற்குப் பின்னால் குப்பை அடைப்பும் இருக்கலாம், இந்த மாதிரி ஒரு உயரப் பிழையும் இருக்கலாம்.

இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் உயரத் தரவை வைத்து இதைத் தீர்க்க முடியாதா? 2000-ஆம் ஆண்டு விண்வெளி ஓடத்திலிருந்து எடுக்கப்பட்ட எஸ்ஆர்டிஎம் என்ற தரவு உலகம் முழுவதும் பயன்படுகிறது. அதில் 30 மீட்டருக்கு 30 மீட்டர் கட்டத்துக்கு ஒரே ஓர் உயரம்தான் இருக்கும். உயரத்தில் 16 மீட்டருக்குள் பிழை இருக்கலாம் என்பதே அந்தத் திட்டத்தின் வரையறை. நடைமுறையில் பிழை அதைவிடக் குறைவு. ஆனாலும் அரை மீட்டர் இறக்கத்தை அது காட்டாது. கூரையையும் மர உச்சியையும்கூடத் தரை என்று சேர்த்துக்கொள்ளும். ஒரு மாவட்டத்தில் மலை எங்கே, பள்ளத்தாக்கு எங்கே என்று பார்க்க அது அருமையான தரவு. தெரு வடிகாலுக்கு அது பொருந்தாது.

தரவு விஷயத்தில் நினைவில் வைக்க வேண்டியது இதுதான்: எந்த வேலைக்காக எடுக்கப்பட்டதோ, அந்த வேலைக்குத்தான் அந்தத் தரவை நம்பலாம்.

அதனால்தான் இன்றைக்கும் தெருவில் முக்காலி வைத்து, எதிரே ஒருவர் அளவுகோலைப் பிடித்து நிற்க, "லெவல்" எடுக்கிறார்கள். உயரம் தெரிந்த ஒரு நிலையான குறியிலிருந்து, அதாவது பெஞ்ச் மார்க்கிலிருந்து, அளவை ஆரம்பிக்கும். இங்கேயும் கவனம் தேவை. தெரு வடிகாலை அளந்தவர் ஒரு பெஞ்ச் மார்க்கையும், அது போய்ச் சேரும் கால்வாயை அளந்தவர் வேறு பெஞ்ச் மார்க்கையும் எடுத்திருந்தால், இரண்டும் தனித்தனியாகச் சரியாக இருந்தும் சேரும் இடத்தில் மட்டம் ஒத்துப்போகாது.

மத்திய அரசு 2022-இல் வெளியிட்ட தேசிய புவிசார் கொள்கை, 2030-க்குள் சமவெளிப் பகுதிகளுக்கு 25 சென்டிமீட்டர் அளவிலான உயர மாதிரியை உருவாக்க வேண்டும் என்று இலக்கு வைத்திருக்கிறது. எஸ்ஆர்டிஎம்-ஐயும் இதையும் ஒப்பிட்டுப் பார்த்தால், எவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கிறது என்பது புரியும்.

வகை: "தரிசு" என்று எழுதிய ஒரு சொல்

இடமும் உயரமும் மில்லிமீட்டர் சுத்தமாக இருந்தாலும், அங்கே இருப்பது என்ன என்பதைத் தப்பாக எழுதினால் எல்லாம் வீண். இதற்குப் பள்ளிக்கரணையைவிடப் பெரிய பாடம் நமக்கு வேண்டியதில்லை.

தென்சென்னையின் பல ஏரிகளில் நிரம்பி வழியும் நீர் வந்து தங்கும் இடம் பள்ளிக்கரணை. அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், கோவளம் பக்கம் கடலில் சேரும். நம் முன்னோர் இதைக் கழுவெளி என்று சரியாகத்தான் அழைத்தார்கள். நீர் நிற்கும் தாழ்வான வெளி என்று அந்தச் சொல்லே சொல்லிவிடும்.

ஆனால் விவசாயமும் இல்லை, வரியும் வராது என்ற கண்ணோட்டத்தில் பார்த்த நிர்வாகத்துக்கு அது பயன்படாத நிலமாகவே நீண்ட காலம் தெரிந்தது. பயன்படாத நிலம் என்று ஒரு தாளில் இருந்தால், அடுத்து வருகிற திட்டக்காரர் என்ன நினைப்பார்? "சும்மாதானே கிடக்கு" என்றுதான். குப்பைக் கிடங்கு அங்கே வந்தது. சாலைகள் வந்தன. கட்டடங்கள் வந்தன. 2015 டிசம்பர் வெள்ளத்தில் தென்சென்னைப் புறநகர்ப் பகுதிகள் தண்ணீரில் நின்றபோதுதான், அந்த "சும்மா கிடந்த" நிலம் இத்தனை நாள் என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்பது பலருக்கும் புரிந்தது.

சதுப்புநிலத்தின் ஒரு பகுதி 2007-இல் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022-இல் ஏறத்தாழ 1,247 ஹெக்டேர் பரப்பு ராம்சார் பட்டியலில் இடம்பெற்று, சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாகியது. வகை மாறியதும் பாதுகாப்பு வந்தது. நிலம் அதேதான். பதிவேட்டில் இருந்த சொல்தான் மாறியது.

உங்கள் ஊரிலும் இப்படி ஏதாவது இருக்கலாம். மழைக்காலத்தில் மட்டும் ஓடும் ஓடை, பத்து வருடமாக வற்றிக் கிடக்கும் குட்டை. கோடையில் எடுத்த செயற்கைக்கோள் படத்தில் அவை வெறும் மண்ணாகத்தான் தெரியும். தமிழ்நாட்டில் 39,000-க்கும் மேற்பட்ட ஏரிகள் உள்ளன. அவற்றின் வரத்துக் கால்வாய்களையும் சேர்த்துப் பாருங்கள். எது ஓடை, எது வெறும் பாதை என்று உள்ளூர்க்காரர் சொன்னால் மட்டுமே தெரியும் இடங்கள் எத்தனையோ!

வயசும் முழுமையும்: வரைபடத்தில் இல்லாதவர்கள்

ஒரு தெரு உருவாகி, வீடுகள் வந்து, குழந்தைகள் பள்ளிக்குப் போக ஆரம்பித்த பிறகும் வரைபடத்தில் அது வயல்வெளியாகவே இருக்கும். நகரத்தின் ஓரத்தில் புதிய மனைப்பிரிவில் குடியேறியவர்களுக்கு இந்த வலி தெரியும்.

மக்கள்தொகைத் தரவும் அப்படித்தான். சமவெளிப் பகுதியில் சுமார் 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், மலை மற்றும் பழங்குடியினர் பகுதியில் 20,000 பேருக்கு ஒன்று என்பது தேசிய அளவிலான வரையறை. கடைசியாக முடிந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2011-இல் நடந்தது. அதற்குப் பிறகு வேகமாக வளர்ந்த ஓர் ஊர், தாளில் 18,000 பேர், தரையில் 35,000 பேர் என்று இருந்தால், அங்கே இன்னொரு நிலையம் தேவை என்பதே கணக்கில் தெரியாது. அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 அடிப்படை நாளாக அறிவிக்கப்பட்டுள்ளது. கணக்கெடுப்பாளர் வீட்டுக்கு வரும்போது பொறுமையாக, சரியாகப் பதில் சொல்லுங்க. நாளைக்கு உங்க ஊருக்கு வரப்போகும் ஆஸ்பத்திரிக்கு அது விண்ணப்பம் மாதிரி.

தூரத்தை அளப்பதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. தொடக்கப் பள்ளி 1 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்கிறது கல்வி உரிமைச் சட்ட விதி. வரைபடத்தில் நேர்கோடு போட்டால் 900 மீட்டர். ஆனால் நடுவில் பாலம் இல்லாத ஓடை இருந்தால்? மலைப்பாதை சுற்றிச் சுற்றி ஏறினால்? குழந்தையின் கால் நேர்கோட்டில் நடப்பதில்லை. ஒத்தையடிப் பாதையும் தரைப்பாலமும் வரைபடத்தில் சேர்ந்தால்தான் உண்மையான தூரம் தெரியும்.

மண்ணுக்கு அடியில் இருப்பது

புதிதாகத் தார் போட்ட சாலையை அடுத்த மாதமே தோண்டுவதைப் பார்த்து எரிச்சல்படாதவர் யார்? குடிநீர்க் குழாய், பாதாளச் சாக்கடை, மின்கேபிள், தொலைபேசிக் கேபிள் ஆகியவற்றை வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு துறைகள் புதைத்தன. அப்போதைய வரைபடம் ஏதோ ஓர் அலமாரியில் இருக்கும். அனுபவமுள்ள பணியாளர் ஓய்வுபெற்றால், "இங்கதான் வால்வு இருக்கு" என்ற தகவலும் அவரோடு போய்விடும்.

ஜேசிபி தோண்டும்போது குழாய் உடைந்து தண்ணீர் பீய்ச்சி அடிப்பதற்குக் காரணம் பெரும்பாலும் ஓட்டுநர் இல்லை, கீழே என்ன இருக்கிறது என்ற தரவு அவரிடம் இல்லாததுதான். தோண்டப் போகிறவர், அந்த இடத்தில் கேபிளும் குழாயும் வைத்திருக்கும் நிறுவனங்களுக்கு முன்கூட்டியே தகவல் சொல்லும் "கால் பிஃபோர் யூ டிக்" செயலி 2023 மார்ச்சில் தொடங்கப்பட்டது. உங்கள் தெருவில் யாராவது தோண்ட வந்தால், "தகவல் கொடுத்தாச்சா?" என்று கேட்பது உங்க உரிமை.

உங்க பட்டாவும் ஒரு தரவுதான்

நில அளவை விஷயத்தில் தமிழ்நாடு சாதாரண இடமில்லை. 1794-இல் சென்னையில் ஆரம்பித்த நில அளவைப் பள்ளிதான் வளர்ந்து கிண்டி பொறியியல் கல்லூரி ஆனது. இந்தியா முழுவதையும் அளந்த மாபெரும் முக்கோணவியல் அளவையை வில்லியம் லாம்டன் 1802 ஏப்ரல் 10 அன்று பரங்கிமலையில்தான் தொடங்கினார். நம்முடைய புலப்படங்கள், அதாவது எஃப்எம்பி என்று சொல்கிறோமே அவை, பல தலைமுறை சர்வேயர்கள் வெயிலில் சங்கிலி இழுத்து வரைந்தவை. பிறகு 1979-இல் தொடங்கிய நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் பதிவேடுகள் புதுப்பிக்கப்பட்டன. இன்று அவை உங்கள் போனில் தெரிகின்றன.

ஆனால் போனில் தெரிவதாலேயே அது இன்றைய நிலவரம் ஆகிவிடாது. இதை எங்கள் குடும்பமே கஷ்டப்பட்டுத்தான் கற்றுக்கொண்டது.

எங்க அம்மாவோட ஊரில் தாத்தாவுக்கு ரோட்டோரம் நிலம் இருந்தது. மாமாக்கள் மூன்று பேரும் பேசிப் பாகம் பிரித்துக்கொண்டார்கள். பத்திரமும் பதிவாயிற்று. வரப்பு போட்டு அவரவர் பங்கில் பயிர் செய்தார்கள். பட்டா மட்டும் தாத்தா பெயரிலேயே இருந்தது. "நமக்குள்ள என்ன, பொறவு மாத்திக்கலாம்" என்று விட்டுவிட்டார்கள். தாத்தா காலமாகி ஏழு வருஷம் கழித்து, சாலை அகலப்படுத்தும் நோட்டீஸ் வந்தது, தாத்தா பெயருக்கு.

சாலைக்குப் போனது சின்ன மாமாவின் பங்கு மட்டும்தான். ஆனால் பதிவேட்டில் உட்பிரிவு இல்லை. தாளைப் பொறுத்தவரை அது ஒரே நிலம், ஒரே ஆள். இழப்பீடு யாருக்கு என்ற கேள்வி வந்தது. வாரிசுச் சான்றிதழ், உட்பிரிவு, அளவை என்று ஒன்றரை வருஷம் அலைந்தார்கள். பணத்தைவிடப் பெரிய நஷ்டம், அந்த நேரத்தில் அண்ணன் தம்பிகளுக்குள் பேச்சுவார்த்தை நின்றுபோனது. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. வரப்பு மாறியது பதிவேட்டுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். அத்தை இன்றைக்கும் சொல்வார்: "அன்னிக்கே ஒரு மனு குடுத்திருந்தா ஆச்சு."

2013-ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தும் சட்டத்தின் கீழ் நடக்கும் பணிகளில், முதல்நிலை அறிவிக்கை வெளியான பிறகு நிலப்பதிவேடுகளை இரண்டு மாதத்துக்குள் புதுப்பிக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. பரப்பு, தகுதி போன்றவற்றில் ஆட்சேபம் இருந்தால் அறிவிக்கை வெளியான 60 நாட்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கலாம். சில சாலைத் திட்டங்கள் வேறு சட்டங்களின் கீழ் நடக்கும், அவற்றில் கெடு வேறுபடும். நோட்டீஸில் எந்தச் சட்டம், எத்தனை நாள் என்று எழுதியிருக்கும். முதலில் அதைப் படியுங்கள். ஆனால் நோட்டீஸ் வரும்வரை காத்திருக்காமல், இப்போதே சரிபார்ப்பதுதான் நிம்மதி.

உங்க போனிலேயே செய்யக்கூடிய ஆறு வேலைகள்

1. பட்டாவைப் பாருங்கள். தமிழ்நாடு அரசின் "எங்கிருந்தும் எந்நேரமும்" நிலப்பதிவேடு இணையதளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம் தேர்ந்தெடுத்து, பட்டா எண் அல்லது சர்வே எண்ணைக் கொடுத்தால் விவரம் வரும். பெயர், தந்தை பெயர், உட்பிரிவு எண் மூன்றையும் பத்திரத்தோடு ஒப்பிடுங்கள்.

2. பரப்பைக் கணக்கிட்டுப் பாருங்கள். பட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஏர் என்று இருக்கும். 1 ஏர் என்பது 100 சதுர மீட்டர், அதாவது சுமார் 2.47 சென்ட். 1 ஹெக்டேர் சுமார் 2.47 ஏக்கர். பத்திரத்தில் உள்ள சென்ட் கணக்கோடு இது ஒத்துப்போகிறதா?

3. புலப்படத்தை இறக்கிவையுங்கள். அதே இணையதளத்தில் எஃப்எம்பி கிடைக்கும். உங்கள் நிலத்தின் வடிவமும் பக்க அளவுகளும் தரையில் இருப்பதோடு பொருந்துகிறதா பாருங்கள். எல்லைக் கல் காணவில்லை என்றாலோ, பக்கத்து நிலத்துக்காரரோடு சந்தேகம் என்றாலோ, நில அளவைக்கு ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம்.

4. பாகம் பிரித்திருந்தால் உட்பிரிவுடன் பட்டா மாறுதலுக்கு விண்ணப்பியுங்கள். இணையதளம் மூலமாகவோ அருகில் உள்ள இ-சேவை மையத்திலோ செய்யலாம். பத்திரம் மட்டும் கையில் இருந்தால் வரைபடம் மாறாது.

5. புகார் படத்தைச் சரியாக எடுங்கள். சாலைப் பள்ளத்துக்கு நெடுஞ்சாலைத் துறையின் "நம்ம சாலை" செயலி, சென்னை மாநகராட்சிப் பகுதியில் 1913, எந்தத் துறைக் குறைக்கும் முதல்வரின் முகவரி 1100 என்று வழிகள் உள்ளன. படம் எடுக்கும் முன் லொகேஷனை ஆன் செய்து, வெளியில் அரை நிமிடம் நில்லுங்கள். புள்ளி சரியான இடத்துக்கு வந்ததும் படம் எடுங்கள். வீட்டுக்குப் போய் அனுப்பினால் பள்ளம் உங்கள் வீட்டு ஹாலில் இருப்பதாகப் பதிவாகலாம்! கூடவே அருகில் உள்ள கம்பத்தின் எண்ணையோ கடைப் பெயரையோ ஒரு வரி எழுதுங்கள். குறுகலான தெருக்களில் 5 மீட்டர் பிழை உங்களை அடுத்த தெருவில் கொண்டுபோய் விட்டுவிடும்.

6. கிராம சபை, பகுதி சபைக் கூட்டங்களில் பேசுங்கள். திட்ட வரைபடம் வைக்கப்பட்டால், உங்கள் தெரு அதில் இருக்கிறதா, ஓடை ஓடையாகவே காட்டப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். 2015-இல், அதற்குப் பிறகு வந்த மழைகளில், உங்கள் வாசலில் தண்ணீர் எதுவரை நின்றது என்று சுவரில் கறை இருந்தால், படம் எடுத்து வைத்திருங்கள். அந்தக் கறையும் ஓர் உயரத் தரவுதான்.

அடிக்கடி கேட்கப்படுபவை

கூகுள் மேப்பில் என் வீட்டு எல்லை தெரிகிறதே, அது செல்லுமா?
செல்லாது. அது வழி காட்டுவதற்கான வரைபடம். நில எல்லைக்கு அரசின் நில அளவைப் பதிவேடுதான் ஆதாரம்.

"தமிழ்நிலம் ஜியோ-இன்ஃபோ"வில் நான் நிற்கும் இடத்தின் சர்வே எண்ணைப் பார்க்கலாம் என்கிறார்களே?
ஆமாம், பார்க்கலாம். பெரிய நிலத்தின் நடுவில் நின்று பார்த்தால் குழப்பம் வராது. ஆனால் எல்லை ஓரத்தில் நின்று பார்க்கும்போது, போனின் 5 மீட்டர் பிழை காரணமாகப் பக்கத்து எண்ணைக் காட்டலாம். எண்ணைத் தெரிந்துகொள்ள அது போதும். எல்லையை முடிவு செய்ய சர்வேயர்தான் வர வேண்டும்.

பதிவேட்டில் ஓர் எழுத்துப் பிழைதான். அதற்கும் மனு தேவையா?
தேவை. இழப்பீடு, வங்கிக் கடன், பயிர்க் காப்பீடு எல்லாவற்றுக்கும் ஆதாரில் உள்ள பெயரும் பதிவேட்டில் உள்ள பெயரும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்கள். நிதானமாக இருக்கும்போது திருத்துவது சுலபம்.

வடிகாலும் சாலையும் எங்கே வர வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் பெரிய வரைபடம், லட்சக்கணக்கான சின்னப் புலப்படங்களால் ஆனது. அதில் ஒரு கட்டம் உங்களுடையது. இந்த ஞாயிற்றுக்கிழமை டீ குடிக்கும் நேரத்தில் பட்டாவையும் புலப்படத்தையும் ஒருமுறை திறந்து, வீட்டுப் பெரியவர்களை உட்கார வைத்துக் காட்டுங்கள். "இந்த வரப்பு இப்ப இங்க இல்லையே" என்று அவர்கள் சொன்னால், திங்கட்கிழமை காலையிலேயே மனுவைக் கொடுத்துவிடுங்கள்.